கத்துவது பெல்ற்றா, கப்பியா?

காலையில் வாகனத்தை ஸ்ரார்ட் செய்ததும் முன்பக்கத்திலிருந்து "கீச்" என்று ஒரு சத்தம் வருகிறது. சிறிது நேரம் ஓடியதும் குறைந்துவிடுகிறது. சில நாட்களில் அது "கறகற" என்ற சத்தமாக மாறுகிறது. "பெல்ற் பழசாகிவிட்டது" என்று சொல்லிப் புதிய பெல்ற் போடுகிறோம். ஒரு மாதம் செல்லுமுன் அதே சத்தம் மீண்டும் கேட்கிறது. பழைய கார் அல்லது வான் வைத்திருக்கும் பலருக்கு இது பழகிப்போன கதை.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு கமக்காரக் குடும்பத்தை நான் அறிவேன். சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாத காலத்தில் அவர்கள் குத்தகை நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் செய்தார்கள். நகையை அடைவு வைத்து ஒரு பழைய டீசல் வானை வாங்கினார்கள். மகன் காலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவார். அறுவடைக் காலத்தில் அயலவரின் மரக்கறிகளையும் ஏற்றுவார். அந்த வானில் சத்தம் கேட்கத் தொடங்கியபோது ஒரு கராஜில் பெல்ற்றை மாற்றினார்கள். பிறகு இன்னொரு தடவையும் மாற்றினார்கள். கப்பியை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

ஒருநாள் தம்புள்ளைக்குச் சின்ன வெங்காயம் ஏற்றிச் சென்றபோது, மாங்குளம் தாண்டியதும் "படார்" என்று ஒரு சத்தம் கேட்டது. முன்னால் பற்றறி அடையாளமுள்ள சிவப்பு விளக்கு எரிந்தது. "சார்ஜ் தானே இல்லை, பகல் நேரம், லைட் போடத் தேவையில்லை, வவுனியா வரை போய்விடலாம்" என்று அவர் நினைத்தார். புளியங்குளம் வருமுன்னமே எஞ்சின் கொதித்து ஆவி பறந்தது. எஞ்சின் ஹெட் வளைந்து, ஹெட் காஸ்கற்றும் எரிந்துவிட்டது. வெங்காயத்தை வேறொரு லொறியில் மாற்றி ஏற்றியதில் அந்தப் பயணத்தின் இலாபம் போயிற்று. ஹெட் வேலைக்காக இன்னொரு நகையும் அடைவுக்குப் போயிற்று.

வான் திரும்பி வந்தபின் ஊரிலுள்ள ஒரு முதிய மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்கள். "அண்ணை, ரெண்டு பெல்ற் மாத்தியாச்சு, இதுவும் அறுந்திட்டுது" என்றார் மகன். அவர் கப்பிகளை ஒவ்வொன்றாகக் கையால் சுழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெல்ற் கத்தேல்லை தம்பி, கப்பிதான் கத்தினது."

அந்தக் கப்பியைப் பற்றியதே இக்கட்டுரை.

இந்தக் கப்பி செய்யும் வேலை என்ன?

1990களில் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களை எம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். அவற்றில் ஒரேயொரு 'வீ' வடிவ பெல்ற் இருந்தது. பெல்ற் தொய்ந்தால் ரைனமோவின் போல்ற்றை இளக்கி, ரைனமோவைச் சற்று வெளியே இழுத்து இறுக்கிவிடுவோம். வேலை முடிந்தது.

பின்னர் வந்த வாகனங்களில் எஞ்சின் சுழற்ற வேண்டிய பொருட்கள் கூடின. சார்ஜ் கொடுக்கும் ஒல்ரநேற்றர், வோட்டர் பம், பவர் ஸ்ரெயறிங் பம், ஏசி என்பன அவை. இவை எல்லாவற்றையும் ஒரே நீண்ட பெல்ற்றால் சுழற்றும் முறை 1970களின் இறுதியில் அமெரிக்கக் கார்களில் வந்து, பின் எங்கும் பரவியது. இந்த பெல்ற் தட்டையானது; உட்பக்கத்தில் நீளவாக்கில் வரிகள் இருக்கும். பாம்பு வளைந்து செல்வதுபோல எல்லாக் கப்பிகளையும் சுற்றிச் செல்லும்.

இத்தனை கப்பிகளைச் சுற்றும் பெல்ற் எப்போதும் ஒரே அளவான இறுக்கத்தில் இருக்க வேண்டும். அதற்காக வைக்கப்பட்டதே கராஜ்காரர் 'ரென்சனர்' என்று சொல்லும் இறுக்குக் கப்பி. அது எதையும் சுழற்றுவதில்லை. பெல்ற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு தானும் சுழலும். கிணற்றுக் கப்பியில் கயிறு ஓடுவதைப்போல பெல்ற் அதன்மேல் ஓடும். ஆனால் வேகம்தான் பெரிது. கிறாங் கப்பி 150 மில்லிமீற்றர் குறுக்களவும் இறுக்குக் கப்பி 75 மில்லிமீற்றர் குறுக்களவும் உடையன என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் நிமிடத்துக்கு 2500 தடவை சுழலும்போது சிறிய கப்பி 5000 தடவை சுழலும். அந்த வேளையில் பெல்ற் ஓடும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 70 கிலோமீற்றர்.

இந்த வேகத்தைத் தாங்குவது கப்பியின் நடுவிலுள்ள ஒரு சிறிய பெயாரிங். அதற்குள் தொழிற்சாலையிலேயே கிறீஸ் அடைத்து மூடியிருப்பார்கள். எஞ்சின் சூட்டில் கிறீஸ் காய்கிறது. செம்மண் தூசி உள்ளே போகிறது. வேகமான தண்ணீரால் எஞ்சினைக் கழுவும்போது நீரும் போகிறது. குண்டுகள் தேய்ந்ததும் கப்பி ஆடும். ஆடும் கப்பியில் பெல்ற் சரிந்து ஓடி ஓரம் பிய்யும். புதிய பெல்ற்றும் இப்படித்தான் அறுகிறது. பெயாரிங் முற்றாக இறுகிவிட்டால், சுழலாத கப்பியில் உரசி பெல்ற் கருகிப்போகும்.

மூன்று வகை இறுக்கம்

உங்கள் வாகனத்தில் எந்த வகை என்பதை முதலில் பாருங்கள்.

முதல் வகையில் இறுக்குக் கப்பியே இல்லை. பழைய கார்களைப்போல ஒல்ரநேற்றரை நகர்த்தி இறுக்குவார்கள்.

இரண்டாவது வகையில் கப்பி ஒரு தவாளிப்பில் மேலும் கீழும் நகரும். கப்பியின் நடுவே ஒரு நட்டும், அதை நகர்த்துவதற்கு ஒரு நீண்ட போல்ற்றும் இருக்கும். யப்பானிய வாகனங்கள் பலவற்றில் இதைக் காணலாம். சில வான்களில் இது ஏசி பெல்ற்றுக்கு மட்டும் இருக்கும்.

மூன்றாவது வகையில் கப்பி ஒரு கையின் நுனியில் இருக்கும். அந்தக் கையை உள்ளேயுள்ள ஸ்பிறிங் எப்போதும் தள்ளிக்கொண்டிருக்கும். இதற்கு நாம் இறுக்கம் வைக்கத் தேவையில்லை.

எஞ்சினின் மூடிக்குள்ளே ஓடும் ரைமிங் பெல்ற்றுக்கும் ஓர் இறுக்குக் கப்பி உண்டு. அது வேறு விடயம். அதில் பல் பிசகினால் எஞ்சின் பழுதாகலாம். அதில் கைவைக்க வேண்டாம், அனுபவமுள்ளவரிடம் விடுங்கள்.

நோயை முதலில் கண்டறிவோம்

சத்தம் வந்தவுடன் பொருள் வாங்க ஓடக்கூடாது. வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பதுபோல நாமும் பார்க்க வேண்டும்.

1. எஞ்சின் ஓடும்போது பெல்ற்றின் வரிப்பக்கத்தில் சிறிது தண்ணீரைத் தூரத்தில் நின்று தெளியுங்கள். சத்தம் கூடினால் பெல்ற் வழுக்குகிறது, இறுக்கம் போதாது. "கிச் கிச்" என்ற சத்தம் சிறிது நேரம் நின்று பிறகு வந்தால், ஏதோ ஒரு கப்பி நேர்கோட்டில் இல்லை. தண்ணீரால் எந்த மாற்றமும் இல்லாமல் "கறகற" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் பெயாரிங்கைச் சந்தேகியுங்கள்.

2. நீளமான ஸ்குறூ றைவர் ஒன்றின் நுனியைச் சுழலாத பகுதியில், அதாவது கப்பியைத் தாங்கும் இரும்பில், வைத்துப் பிடியைக் காதோடு வையுங்கள். பழுதான பெயாரிங் உள்ள இடத்தில் சத்தம் உரத்துக் கேட்கும். சுழலும் எதையும் தொடக்கூடாது. சாரம், சால்வை, விரித்த கூந்தல் என்பவற்றோடு ஓடும் எஞ்சினுக்கு அருகில் குனியவும் கூடாது.

3. எஞ்சினை நிறுத்தி, ஆறிய பின் பெல்ற்றைக் கழற்றி, அரை நிமிடம் மட்டும் எஞ்சினை ஓடவிடுங்கள். சத்தம் இல்லையென்றால் பழுது பெல்ற்றிலோ அது சுழற்றும் பொருட்களிலோ தான். வோட்டர் பம் சுழலாததால் அதற்குமேல் ஓடவிட வேண்டாம்.

4. பெல்ற் இல்லாத நிலையில் ஒவ்வொரு கப்பியையும் கையால் சுழற்றுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தட்டிவிட்டால் நெடுநேரம் சுழலும் கப்பியை "நல்ல கப்பி" என்று நினைக்கிறோம். உண்மை வேறு. உள்ளே கிறீஸ் இருக்கும் கப்பி சத்தமின்றி ஓரிரு சுற்றுடன் அமைதியாக நின்றுவிடும். கிறீஸ் வற்றியதே "சர்ர்" என்று நெடுநேரம் சுழலும். மணல் அரைபடுவதுபோல உணர்ந்தால், அல்லது இரு ஓரங்களையும் பிடித்து ஆட்டும்போது அசைந்தால், அது முடிந்துவிட்டது.

பெல்ற்றையும் பாருங்கள். பழைய வகை றப்பரில் ஒரே வரியில் 3 அங்குல நீளத்துக்குள் மூன்று வெடிப்புகளுக்கு மேல் இருந்தால் மாற்ற வேண்டும். இப்போது வரும் புதிய வகை றப்பர் எளிதில் வெடிப்பதில்லை. ரயர் தேய்வதுபோல வரிகளுக்கு இடையிலுள்ள பள்ளம் தேய்ந்து அகலும். ஆகவே வெடிப்பு இல்லை என்பதால் நல்லது என்று முடிவு செய்யக்கூடாது.

சத்தத்தை நிறுத்த எண்ணெய், கிறீஸ், சவர்க்காரம் எதையும் பெல்ற்றில் பூச வேண்டாம். சத்தம் ஒருநாள் மறையும், பெல்ற் கெட்டுப்போகும்.

கழற்றும் முறை

தேவையானவை: 12, 14, 17 மில்லிமீற்றர் ஸ்பனர்கள், சொக்கற்றுகள், நீண்ட கைபிடி, சேர்க்கிளிப் குறடு, வைஸ், ஒரு கொப்பித் தாள், பென்சில்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். கைபிறேக்கை இழுத்து, சில்லுக்குக் கட்டை வையுங்கள். திறப்பை எடுத்து உங்கள் சட்டைப் பையில் போடுங்கள். பற்றறியின் மறை முனையைக் கழற்றிவிடுங்கள்.

அடுத்து, பெல்ற் எந்தக் கப்பிக்கு மேலாகவும் எந்தக் கப்பிக்குக் கீழாகவும் செல்கிறது என்பதைத் தாளில் வரையுங்கள். இந்த ஐந்து நிமிடத்தைச் சேமிக்க எண்ணி அரைநாளை இழந்தவர்கள் பலர். பழைய பெல்ற்றையே மீண்டும் போடுவதானால், அது ஓடும் திசையையும் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள்.

நகரும் வகையானால், கப்பியின் நடு நட்டை முதலில் ஒரு சுற்று இளக்குங்கள். பிறகு நீண்ட போல்ற்றை இளக்க, கப்பி நகர்ந்து பெல்ற் தொய்யும். நடு நட்டை இளக்காமல் போல்ற்றைத் திருப்பினால் போல்ற் முறியும்.

ஸ்பிறிங் வகையானால், கையிலுள்ள அறுகோணத்தில் நீண்ட ஸ்பனரைப் பூட்டி, ஸ்பிறிங்குக்கு எதிராக மெதுவாகத் திருப்பி பெல்ற்றை ஒரு கப்பியிலிருந்து விலக்குங்கள். பிறகு கையை மெதுவாகத் திரும்ப விடுங்கள். சடுதியாக விட்டால் விரல் நசியும். சிலவற்றில் அலன் கீயைச் செருகிக் கையை நிறுத்திவைக்க ஒரு துளை இருக்கும். ஸ்பிறிங் இருக்கும் கூட்டை ஒருபோதும் பிரிக்க வேண்டாம். ஸ்பிறிங் தளர்ந்திருந்தால், அல்லது கை ஆடினால் முழுவதையும் மாற்ற வேண்டும்.

கப்பியின் போல்ற்றைக் கழற்றுமுன் ஒரு எச்சரிக்கை. சில வாகனங்களில் இந்த போல்ற் இடப்புரி. வழக்கமான திசையில் திருப்பும்போது மேலும் இறுகினால் நிறுத்தி, மறுதிசையில் முயலுங்கள். கழற்றும் வாசர், தூசி மூடி, இடைத்துண்டு எல்லாவற்றையும் கழன்ற ஒழுங்கிலேயே வரிசையாக அடுக்கி வையுங்கள்.

கப்பி முழுவதையும் வாங்கவேண்டுமா?

பணம் மிச்சமாகும் இடம் இதுதான். கப்பி இரும்பாலானதாகவும், பெயாரிங்கின் ஓரத்தில் கழற்றக்கூடிய சேர்க்கிளிப் உள்ளதாகவும் இருந்தால் பெயாரிங்கை மட்டும் மாற்றலாம். பிளாஸ்ரிக் கப்பியில் பெயாரிங்கை வைத்தே வார்த்திருப்பார்கள். அதை முழுவதாகவே மாற்ற வேண்டும். பெல்ற் ஓடும் மேற்பரப்பில் ஆழமான கோடு விழுந்த இரும்புக் கப்பியையும் மாற்றுவதே நல்லது.

பெயாரிங்கின் மேல் ஓர் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். அதை எழுதிக்கொண்டு போனால் எந்த பெயாரிங் கடையிலும் வாங்கலாம். வாகனத்தின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. இத்தகைய கப்பிகளில் அடிக்கடி காணப்படும் 6203 என்பதை எடுத்துக்கொள்வோம். அதன் உள்துளை 17, வெளிவிட்டம் 40, தடிப்பு 12 மில்லிமீற்றர். கடைசி இரண்டு இலக்கங்கள் உள்துளையைக் காட்டும்: 01 என்றால் 12 மில்லிமீற்றர், 02 என்றால் 15, 03 என்றால் 17. 04 முதல் ஐந்தால் பெருக்க வேண்டும்; ஆகவே 04 என்றால் 20.

இலக்கத்துக்குப் பின் '2 ஆர்எஸ்' என்றிருந்தால் இருபுறமும் றப்பர் மூடி உண்டு. 'இசட் இசட்' என்றிருந்தால் தகர மூடி. எமது தூசி வீதிகளுக்கு றப்பர் மூடியே ஏற்றது. 'சீ 3' என்றும் இருந்தால் அதையும் குறித்து, அதேபோலக் கேளுங்கள். பெயாரிங்கில் போலிகள் உண்டு. எழுத்து மங்கலாக இருந்தால், அல்லது விலை நம்பமுடியாத அளவு குறைவாக இருந்தால் வாங்காதீர்கள்.

சேர்க்கிளிப்பைக் கழற்றி, கப்பியின் விளிம்பைத் தாங்கிவைத்து, பழைய பெயாரிங்கைத் தட்டி எடுங்கள். துளையைத் துணியால் துடையுங்கள். புதியதைப் பொருத்தும்போது அதன் வெளி வளையத்தில் மட்டுமே அழுத்தம் கொடுக்க வேண்டும். வெளி வளையத்தின் அளவுக்கு ஒரு சொக்கற்றை வைத்து, வைஸில் மெதுவாக நெருக்கிப் பொருத்துங்கள். உள் வளையத்தில் சுத்தியலால் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய்ப் பள்ளம் விழுத்தும். புதிய பெயாரிங் முதல் நாளே கத்தத் தொடங்கும். கடைசியில் சேர்க்கிளிப் தன் தவாளிப்பில் முழுதாக உட்கார்ந்ததா என்று பாருங்கள்.

திரும்பப் பூட்டுதல்

புதிய பெல்ற்றும் வேண்டுமானால் அதன் முதுகிலுள்ள இலக்கத்தைப் பாருங்கள். '6 பீகே 1230' என்றால் 6 வரிகள், 1230 மில்லிமீற்றர் நீளம். வரி ஒன்று குறைந்தாலும் அது உங்கள் வாகனத்துக்கு உரியதல்ல.

நீங்கள் வரைந்த படத்தின்படி பெல்ற்றை இடுங்கள். ஒவ்வொரு கப்பியிலும் வரிகள் சரியான பள்ளங்களில் அமர்ந்தனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பள்ளம் தள்ளியிருந்தால் பெல்ற் சில மணி நேரத்தில் பிய்ந்துவிடும்.

நகரும் வகையில் நீண்ட போல்ற்றால் இறுக்கத்தை வைத்து, பிறகு நடு நட்டை இறுக்குங்கள். வாகனப் புத்தகம் இருந்தால் அதிலுள்ள அளவே சரி. இல்லாவிட்டால், இரு கப்பிகளுக்கு இடையிலான நீண்ட பகுதியின் நடுவில் பெருவிரலால் பலமாக அழுத்தும்போது ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் தாழ்ந்தால் போதும். "இறுகியிருந்தால் நல்லது" என்று மேலும் முறுக்கினால் வோட்டர் பம்மின் பெயாரிங்கும் ஒல்ரநேற்றரின் பெயாரிங்கும் கெடும். ஒரு பெயாரிங்கைத் திருத்தி இரண்டைப் பழுதாக்கியவர் ஆவோம்.

பற்றறியை இணைத்து ஸ்ரார்ட் செய்யுங்கள். பெல்ற் ஆடாமல் நேராக ஓடுகிறதா, சிவப்பு விளக்கு அணைந்ததா என்று பாருங்கள். புதிய பெல்ற் சற்று நீளும். ஆதலால் சில நாட்கள் ஓடியபின் இறுக்கத்தை மீண்டும் பாருங்கள்.

வீதியில் அறுந்தால்

பற்றறி விளக்கு எரிந்து வெப்பமுள்ளும் ஏறினால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். பல வாகனங்களில் அந்த பெல்ற்றே வோட்டர் பம்மையும் சுழற்றுகிறது. "இன்னும் கொஞ்சத் தூரம்" என்ற எண்ணமே எஞ்சினை அழிப்பது. சூடாக இருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறக்கவோ, எஞ்சின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றவோ வேண்டாம்.

அறுந்தது ஏசி பெல்ற் மட்டும்தானா என்று பாருங்கள். ஆம் என்றால், துண்டுகளை முழுவதும் எடுத்துவிட்டு ஏசியைப் போடாமல் ஓட்டலாம். ஏசி பெல்ற்றின் கப்பி கத்தினாலும் அந்த பெல்ற்றைக் கழற்றிவிட்டு வீடு வந்து சேரலாம்.

பழைய 'வீ' பெல்ற் அறுந்தபோது நைலோன் கயிற்றைக் கட்டிச் சமாளித்தவர்கள் உண்டு. வரி பெல்ற்றில் அந்த வித்தை பலிக்காது. ஆகவே கழற்றிய பழைய பெல்ற் அறாமல் இருந்தால், அதை எறியாமல் ஆசனத்தின் கீழ் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குடும்பத்தின் வான் இன்றும் ஓடுகிறது. அடைவு வைத்த நகையில் ஒன்று மீண்டது. மற்றது இன்னும் மீளவில்லை. கப்பியின் பெயாரிங்கை இப்போது மகனே மாற்றுகிறார். அயலவரின் வாகனங்களுக்கும் செய்து கொடுக்கிறார். பெல்ற்றைக் கழற்றிய ஒவ்வொரு தடவையும் அவர் முதலில் செய்வது, எல்லாக் கப்பிகளையும் கையால் ஒரு தரம் சுழற்றிப் பார்ப்பதுதான்.

குழுவாகக் கூடிப் பேச

1. எங்கள் கிராமத்தில் எத்தனை வாகனங்கள், உழவு இயந்திரங்கள், நீரிறைக்கும் இயந்திரங்கள் உள்ளன? அவற்றில் இப்போது சத்தம் போடுபவை எவை?

2. காரணம் அறியாமல் ஒரே பொருளை மீண்டும் மீண்டும் வாங்கிய அனுபவம் எங்களுக்கு உண்டா? எவ்வளவு செலவானது?

3. சேர்க்கிளிப் குறடு, வைஸ், சொக்கற்றுகள் ஆகியவற்றைப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து பொதுவாக வாங்கி வைக்க முடியுமா? அவற்றை யார் பொறுப்பாகப் பராமரிப்பது?